‘சார்ஜ் எல்லாம் கிளியர்’: ஒரு சொல்லில் சிக்கிய என் முன்பணம்

கம்பெனி பெயரில் இருக்கும் வீட்டையோ மனையையோ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, வக்கீல் பார்த்துவிட்டுச் சரி என்றார், விற்பவர்கள் எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள். இவ்வளவுக்கு அப்புறமும் என் 5 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் அரை வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. முடக்கியது ‘சார்ஜ்’ என்ற ஒரு ஆங்கிலச் சொல். நான் ஒரு அர்த்தத்தில் கேட்டேன், அவர்கள் இன்னொரு அர்த்தத்தில் பதில் சொன்னார்கள், சட்டம் மூன்றாவதாக ஒரு அர்த்தத்தில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. இதை முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

வீடு கோவையில், சரவணம்பட்டிப் பக்கம். 58 லட்சம் விலை பேசி முடித்தோம். கட்டியது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது அதன் விதி. அந்தப் 10 சதவீதத்தைத்தான் அவர்கள் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். பாதி சேமிப்பு, பாதி மனைவியின் நகையை வைத்து வாங்கியது. பணம் கொடுப்பதற்கு முன்னால் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அதில் அடமானம், ஜப்தி, வழக்கு எதுவும் இல்லை. எங்கள் வக்கீல் அசல் பத்திரங்களைக் கேட்டார். நிறைய பேர் வாங்கும் கட்டடம் என்பதால் அசல் எல்லாம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சான்றிட்ட நகல்களைக் காட்டினார்கள். சொத்தின்மேல் ஏதாவது சார்ஜ் இருக்கிறதா என்று நான் மின்னஞ்சலில் கேட்டதற்கு, ‘ஆல் சார்ஜஸ் ஹேவ் பீன் கிளியர்டு’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை இன்னும் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வங்கியின் சட்ட ஆலோசகர் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: விற்கும் கம்பெனியின் பெயரில் ‘ஓபன் சார்ஜ்’ இருக்கிறது, ‘சேட்டிஸ்ஃபேக்‌ஷன்’ தாக்கல் ஆகவில்லை, ஆகவே இந்தச் சொத்துக்குக் கடன் கொடுக்கப் பரிந்துரைக்க இயலாது. கிளையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு இது அன்றாடச் சொல். “சார்ஜ் ஓபன்ல இருக்கு சார், அதை க்ளோஸ் பண்ணச் சொல்லுங்க, மத்தபடி உங்க ஃபைல் ஓகே” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து நின்றபோது என் கையில் இருந்தது அந்த வரி மட்டும்தான். அது என்ன சார்ஜ், யாருக்கு யார் தர வேண்டியது, எதுவும் தெரியாது.

அன்றைக்கு மதியமே கட்டுமானக் கம்பெனிக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார். கணக்குப் பிரிவில் என் வீட்டு எண்ணைக் கேட்டு, கணினியில் தட்டி, மின் இணைப்பு சார்ஜ், குடிநீர் இணைப்பு சார்ஜ் இரண்டும் கட்டியாகிவிட்டது, பராமரிப்பு சார்ஜ் சாவி வாங்கும்போது கட்டினால் போதும் என்று சொல்லி, கட்டிய ரசீதுகளை அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தேன். இது இல்லை சார் என்றார்கள். மறுபடி கம்பெனி. மறுபடி வங்கி. ஒவ்வொருவரும் அவரவர் மேசையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதையே எடுத்துக்கொண்டார்கள். விற்பனைப் பிரிவு மேலாளருக்கு நிச்சயம் உண்மை தெரிந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். ஏனென்றால் அவர் மட்டும் ஒவ்வொரு முறையும், “அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்ஜஸ், ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்” என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “என்ன கண்ணு, உன்மேல சார்ஜ் போட்டுட்டாங்களா? 17பி-யா?” என்று பதறினார். தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17ஏ, 17பி என்று இரண்டு உண்டு. சிறிய தண்டனைக்கு உரியது முதலாவது, பெரிய தண்டனைக்கு உரியது இரண்டாவது. 17பி சார்ஜ் மெமோ என்றால் பதவி உயர்வு நிற்கும், ஓய்வூதியம் இழுபடும், குடும்பமே கலங்கும். அப்பாவுக்கு அந்தச் சொல் வேறு எந்தப் பொருளிலும் காதில் விழாது. அதே அப்பாதான் இடமாற்றம் ஆகும்போதெல்லாம் ‘நாளைக்கு சார்ஜ் எடுக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்வார். ஒரே அலுவலகத்தில், ஒரே சொல், ஒரு பக்கம் பதவி, இன்னொரு பக்கம் குற்றச்சாட்டு. அன்றைக்கு இரவு அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தச் சொல்லை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாமல் இனி எந்த மேசை முன்னாலும் போய் நிற்பதில்லை என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

சொல்லின் கதை ஒரு வண்டியில் தொடங்குகிறது. இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியில் அந்தக் காலத்தில் இருந்த ‘கால்’ (Gaul) என்ற இனத்து மக்கள் பேசியது கெல்டிக் மொழி. அவர்கள் வண்டியைக் குறித்த சொல்லை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டு லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றார்கள். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்குப் பிற்கால லத்தீனில் ‘கார்ரிகாரே’ என்று ஒரு வினை பிறந்தது. பழைய பிரெஞ்சு அதை ‘ஷார்ஜியே’ ஆக்கியது. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்து குவிந்த பிரெஞ்சுச் சொற்களோடு இதுவும் சேர்ந்து, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் குடியேறியது. கார், கேரி, வண்டியைக் குறிக்கும் கேரியேஜ் எல்லாம் இதே குடும்பம்தான். ஸ்பானிய மொழி வழியாக வந்த கார்கோவும், இத்தாலிய மொழி வழியாக வந்த கேரிகேச்சரும்கூட. மூக்கையோ காதையோ அளவுக்கு மீறி ஏற்றி வரைவதால் கேலிச்சித்திரத்துக்கு அந்தப் பெயர். ஆக, சார்ஜ் என்றால் அடிப்படையில் ஏற்றுவது, ஏற்றப்பட்ட பாரம். அவ்வளவுதான்.

இது புரிந்ததும் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஒருவர்மேல் வேலையை ஏற்றினால் அவர் இன்-சார்ஜ். குற்றத்தை ஏற்றினால் சார்ஜ் ஷீட். செலவை ஏற்றினால் பஸ் சார்ஜ், கரண்ட் சார்ஜ். துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும் சார்ஜ்தான். ஈட்டியைத் தாக்கும் நிலைக்குக் கொண்டுவருவதையும் பாய்ந்து தாக்குவதையும் அதே சொல்லால் சொன்னார்கள். அந்த வழியில் வந்ததுதான் நாம் செய்தித்தாளில் படிக்கும் லத்தி சார்ஜ். மின்சாரத்துக்கு இந்தச் சொல்லை நிலைநிறுத்தியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1740களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் ஜாடிகளை வைத்துச் சோதனை செய்தபோது, ஜாடியில் மின்சாரத்தை ஏற்றுவதை அவர் சார்ஜ் என்று எழுதினார். பீரங்கி வரிசையைக் குறித்த ‘பேட்டரி’ என்ற படைச் சொல்லையும் ஜாடி வரிசைக்கு அவரே வைத்தார். இன்றைக்கு நாம் போனை சார்ஜில் போடுவது அங்கிருந்து வந்தது. ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வருவது, வழக்கிலிருந்து விடுவிக்கப்படுவது, கடனைத் தீர்ப்பது, பேட்டரி இறங்குவது எல்லாவற்றுக்கும் அதே சொல்.

இதில் என்னை நிறுத்திய விஷயம், தமிழும் இதே வழியில்தான் யோசித்திருக்கிறது. பழி சுமத்துகிறோம். கடன் சுமை என்கிறோம். பொறுப்பு என்ற சொல்லே ‘பொறு’ என்பதிலிருந்து வருவது, பொறுப்பது என்றால் தாங்குவது. ‘வீட்டு மேல கடன் இருக்கு’ என்று பாட்டிகூடச் சொல்வாள், அந்த ‘மேல’ என்ற ஒரு எழுத்துக்கூட்டுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. கடன் வீட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, வீடு கைமாறினாலும் அது இறங்காது. என் வங்கியின் வக்கீல் எழுதிய சார்ஜ் இதுதான். கம்பெனிக்காரர்கள் ரசீது கொடுத்தது வேறு சார்ஜுக்கு. அவர்கள் யாரோ ஒருவருக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைச் சொன்னார்கள், வங்கி கேட்டது கட்டடத்தின் தலையில் இருக்கும் கடனை.

இங்கே ஒரு நடைமுறை விஷயம் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் உதவியது. ஆங்கிலக் காகிதத்தில் இந்தச் சொல் வந்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். ‘சார்ஜ் ஆன்’ என்று வந்தால் ஒரு சொத்தின்மேல் கடன். ‘சார்ஜ் ஃபார்’ என்றால் ஒரு சேவைக்கான கட்டணம். ‘சார்ஜ் அகெய்ன்ஸ்ட்’ என்றால் பெரும்பாலும் ஒருவர்மேல் குற்றச்சாட்டு. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பு. ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்றால் இலவசம், ஆனால் கிரயப் பத்திர வாசகத்தில் ‘ஃப்ரீ ஃப்ரம் ஆல் சார்ஜஸ்’ என்று வந்தால் அது கட்டணத்தைப் பற்றிய பேச்சே இல்லை, எந்தக் கடனும் சொத்தைப் பிடித்திருக்கவில்லை என்று பொருள். பக்கத்துச் சொல் எதுவும் இல்லாமல் மொட்டையாக ‘சார்ஜஸ் கிளியர்’ என்று யாராவது எழுதினால், அது எந்தப் பொருளிலும் வளையும். எனக்கு வந்த மின்னஞ்சல் அப்படிப்பட்டது. அதில் சட்டப்படி பொய் என்று பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தைகூட இல்லை என்று பின்னால் வக்கீல் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சட்டத்துக்குள் போனால் இன்னும் ஒரு சிக்கல். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 100ஆம் பிரிவில் சார்ஜை விளக்குகிறது. ஒருவருடைய அசையாச் சொத்து இன்னொருவருக்குத் தர வேண்டிய பணத்துக்கு ஈடாக ஆக்கப்பட்டு, அது அடமானம் என்ற வகைக்குள் வராமல் இருந்தால் அது சார்ஜ். அதாவது அடமானம் வேறு, சார்ஜ் வேறு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமோ தன் விளக்கத்தில், அடமானத்தையும் உள்ளடக்கியதே சார்ஜ் என்கிறது. ஒரே நாடு, இரண்டு சட்டம், நேர் எதிரான இரண்டு விளக்கம். நான் வக்கீலிடம் அடமானம் இருக்கிறதா என்று கேட்டு, அவர் பதிவுத்துறையில் பார்த்து இல்லை என்று சொன்னது அவர் பார்த்த புத்தகப்படி சரி. வேறொரு புத்தகத்தில், கம்பெனிகள் பதிவாளரிடம், அது சார்ஜ் என்ற பெயரில் இருந்தது.

அது எப்படி வில்லங்கத்தில் வராமல் போனது என்பதையும் கண்டுபிடித்தேன். கம்பெனி கட்டட வேலைக்காக ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கியிருந்தது. நிலத்தின் அசல் பத்திரங்களை மும்பையில் இருக்கும் கிளையில் ஒப்படைத்து வாங்கிய கடன். பத்திரத்தைக் கொடுத்து வைத்தே அடமானம் உண்டாக்கலாம் என்று 1882 சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைப்பு கல்கத்தா, சென்னை, பம்பாய் அல்லது அரசு அறிவித்த ஊர்களில் நடந்தால் போதும், நிலம் எங்கே இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஒப்படைப்பு ஒப்பந்தங்களைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று 2012இல் திருத்தம் கொண்டுவந்தார்கள், எம்.ஓ.டி. என்று நாம் சொல்வது அதுதான், பதிந்தால் வில்லங்கத்தில் வரும். வெளி மாநிலத்தில் நடந்தது நம் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தை எட்டவில்லை. அசல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்ற பேச்சுக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அசலைக் கண்ணால் காட்டாத எந்த விற்பனையாளரிடமும், அசல் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வளைந்து பதில் சொல்வது கடினம்.

கம்பெனியின் சார்ஜைப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, தெரிந்தால். கம்பெனிகள் தங்கள் கடிதத்தாளில் சி.ஐ.என். என்று 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளத்தை அச்சடித்திருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, ‘இண்டெக்ஸ் ஆஃப் சார்ஜஸ்’ என்ற பகுதிக்குப் போனால் பட்டியல் வரும். கடன் கொடுத்தவர் பெயர், சார்ஜ் உண்டான தேதி, மாற்றியமைத்த தேதி, தீர்ந்த தேதி, தொகை. தீர்ந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் அது ஓபன். ‘சேட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்பது அந்தத் தீர்ந்த தேதியைப் பதிவதற்குப் பெயர். கடனைக் கட்டினால் மட்டும் போதாது, கம்பெனிகள் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி கம்பெனி அதை 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு சி.எச்.ஜி.-4 என்று ஒரு படிவம். எந்தச் சொத்தின்மேல் என்பதைத் தெரிந்துகொள்ள அந்த சார்ஜோடு இணைத்திருக்கும் ஆவணத்தைச் சிறு கட்டணம் கட்டித் திறந்து பார்க்க வேண்டும், பட்டியலில் அது முழுதாகத் தெரியாது. நான் திறந்து பார்த்தபோது எங்கள் நிலத்தின் சர்வே எண்கள் அப்படியே இருந்தன. தனி ஆட்களிடம் வாங்குகிறவர்களுக்கும் இன்னொரு இடம் உண்டு: 2011இல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவகம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சொத்தின்மேல் கொடுத்த கடன்களை அங்கே பதிகின்றன, பொதுமக்களும் பணம் கட்டித் தேடலாம். வில்லங்கச் சான்று, கம்பெனிப் பதிவு, செர்சாய், இந்த மூன்றையும் முன்பணத்துக்கு முன்னால் பாருங்கள். நான்காவதாகச் சொத்து வரி ரசீது. வரி பாக்கியும் சொத்தின்மேல் ஏறி உட்காரும் சார்ஜ்தான்.

கம்பெனிகள் சட்டத்தின் 80ஆம் பிரிவைப் படித்த இரவுதான் நான் உண்மையிலேயே பயந்தேன். ஒரு கம்பெனியின் சார்ஜ் முறையாகப் பதிவாகியிருந்தால், அதற்குப் பிறகு அந்தச் சொத்தை வாங்குகிறவருக்கு அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அந்த இணையதளத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும் தெரிந்ததாகவே அர்த்தம். கம்பெனி கடனைக் கட்டாமல் போனால் நிதி நிறுவனம் வீட்டின்மேல் கை வைக்கலாம், நான் அப்பாவி என்று சொல்ல வழியில்லை. ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. விற்பனை ஒப்பந்தம் போட்ட பிறகு கட்டுபவர் அந்த வீட்டின்மேல் புதிதாக சார்ஜ் உண்டாக்கக்கூடாது, உண்டாக்கினாலும் வாங்கியவரின் உரிமையை அது பாதிக்காது. ஆனால் என் விஷயத்தில் சார்ஜ் முந்தியது. தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், மாறவில்லை. மனைவியிடம் நகையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை, அது இன்னும் கனமாக இருந்தது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தப்படி நீங்கள் பின்வாங்கினால் ரத்து சார்ஜ் பிடிப்போம் என்று பதில் வந்தது, இன்னும் ஒரு சார்ஜ்! அப்புறம்தான் ஒரு நண்பர் மூலமாகச் சொத்து வழக்குகளை மட்டுமே பார்க்கும் ஒரு மூத்த வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாக் காகிதத்தையும் அமைதியாகப் படித்துவிட்டு அவர் சொன்னது: “அவங்களுக்கு மட்டுமா சார்ஜ் இருக்கு? உங்களுக்கும் இருக்குங்க.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. 1882 சட்டத்தின் 55ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். சொத்தைக் கைக்கு வாங்குவதற்கு முன்னாலேயே முறையாகப் பணம் கொடுத்த வாங்குபவருக்கு, அந்தப் பணத்துக்கும் வட்டிக்கும், அந்தச் சொத்தின்மேலேயே ஒரு சார்ஜ் உண்டு, காரணமில்லாமல் அவரே வாங்க மறுத்தால் ஒழிய. விற்பவருக்கு அந்தச் சொத்தில் எவ்வளவு உரிமை மிச்சமோ அந்த அளவுக்குத்தான், நிதி நிறுவனத்தை முந்த முடியாது. ஆனாலும் இத்தனை மாதம் என்னை அலைக்கழித்த அதே சொல் என் பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டம் அதை நான் கேட்டுக் கொடுக்கவில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம், பணம் கொடுத்த கணமே தானாக வந்துவிட்டது.

அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, சார்ஜ் இருப்பதை மறைத்து வாங்கிய பணம் என்றும், ரியல் எஸ்டேட் ஆணையத்தில் முறையிடப் போகிறோம் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதுவரை ஃபார்மாலிட்டி என்று சொன்னவர்கள், அதற்குப் பிறகு முதல்முறையாக அந்த நிதி நிறுவனத்தின் பெயரைத் தாங்களாகவே சொன்னார்கள். அங்கிருந்து என் வீட்டுக்கு மட்டும் விடுவிப்புக் கடிதம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. முதலில் அவர்கள் கொண்டுவந்தது ஒரு என்.ஓ.சி., விற்பனைக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் நிலுவைத் தொகை வந்தால்தான் சார்ஜ் விடுவிக்கப்படும் என்று கீழே ஒரு வரி இருந்தது. ஆட்சேபணை இல்லை என்பதும் விடுவித்துவிட்டோம் என்பதும் வேறு வேறு. வீட்டு எண், தளம், பிரிக்கப்படாத நிலப் பங்கின் சதுர அடி எல்லாம் போட்டு, இன்ன கணக்கில் பணம் வந்த தேதியிலிருந்து இந்த வீட்டின்மேல் எங்களுக்கு எந்த சார்ஜும் இல்லை என்று இருந்தால்தான் அது விடுவிப்பு. என் வங்கி பணத்தை நேரடியாக நிதி நிறுவனம் சொன்ன கணக்குக்கே அனுப்பியது, கட்டுமானக் கம்பெனியின் சாதாரணக் கணக்குக்கு அல்ல. சொத்தின் ஒரு பகுதி மட்டும் விடுவிக்கப்பட்டாலும் கம்பெனிப் பதிவாளரிடம் அதைப் பதிய 83ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, அந்தப் பதிவு ஏறிய நகலையும் கேட்டு வாங்கினேன்.

வீடு கடைசியில் பதிவானது. போனதைச் சொல்ல வேண்டும். முதல் வங்கியின் பரிசீலனைக் கட்டணம் காலாவதி ஆகி மறுபடி கட்டியது, ஜி.எஸ்.டி.யோடு ஏறக்குறைய 14,000. வக்கீல் கட்டணம் 25,000. காலி செய்வதாகச் சொல்லியிருந்த வீட்டுக்கு மாதம் 13,000 வாடகை கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருந்தது. நகைக்கடன் வட்டி. எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வேலையில் எடுத்த விடுப்புகளையும், வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்த நாட்களையும் கணக்கில் சேர்க்க வழி தெரியவில்லை.

இன்றைக்கு என் வீட்டின்மேல் என் வங்கியின் சார்ஜ் இருக்கிறது, வீட்டுக்கடன் வாங்கிய எல்லோருக்கும் அப்படித்தான். கடனை முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபர்கள் வாங்கிய கடன், வீட்டுக்கடனும் இதில் சேரும், முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், எந்தப் பதிவகத்தில் சார்ஜ் பதிந்திருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். கடன் கொடுத்தவர் பக்கத்தால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் பத்திரம் திரும்ப வேண்டிய எல்லாக் கடனுக்கும் இது பொருந்தும். பத்திரம் கைக்கு வந்ததும் பலரும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். எம்.ஓ.டி. பதிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீதுப் பத்திரம் பதிந்தாக வேண்டும், செர்சாயிலும் நீங்கியதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் அந்த வீட்டை விற்கப் போகும்போது வேறு ஒரு வங்கி மேசையில் அதே வரியைக் கேட்க நேரும்.

விற்பவரிடம் நான் இப்போது நண்பர்களை எழுதச் சொல்வது இந்த வாசகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘மேற்படி சொத்தின்மேல், அல்லது அது அடங்கிய நிலத்தின்மேல், எந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ தனிநபருக்கோ அடமானமோ, பத்திர ஒப்படைப்போ, வேறு எந்த வகைக் கடன் பிடிப்போ இன்றைய தேதியில் உள்ளதா? இருந்தால் கொடுத்தவர் பெயர், தொகை, தேதி, பதிவு எண் என்ன? அசல் பத்திரங்கள் இப்போது யார் வசம் உள்ளன?’ கவனித்தீர்களா, சார்ஜ் என்ற சொல்லே இதில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக, கம்பெனியின் கடிதத்தாளில், கையெழுத்திட அதிகாரம் உள்ள இயக்குநரின் கையெழுத்தோடு பதில் வாங்குங்கள். விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல் போதாது.